அழுத்தம் ஏறிய இஞ்சினுக்கு எந்த பிளக், எத்தனை இடைவெளி?

“அண்ணே, கேப் எத்தனை வைக்கிறது?” சூப்பர்சார்ஜரோ டர்போவோ மாட்டிய இஞ்சினுக்குப் புது பிளக் வாங்க வருகிற இளைஞர் முதலில் கேட்பது இதைத்தான். மலாக்காவின் ஜாசினிலோ அலோர் காஜாவிலோ புலாவ் செபாங்கிலோ எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் பதில் உடனே வந்துவிடும். ஒரு போர்மேன் 0.8 மில்லிமீட்டர் என்பார். இன்னொருவர் 0.7 என்பார். மூன்றாமவர் எதற்கும் 0.6-லேயே வைத்துவிடு என்று முடித்துவிடுவார். மூன்றுமே ஏதோ ஓர் இஞ்சினுக்குச் சரியான எண்கள்தாம். அந்த இஞ்சின் எது என்று கேட்காமலேயே எண் கைமாறுகிறது. இடைவெளி கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று. சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று போகிறது, அந்தக் காற்று எத்தனை சூடாகப் போகிறது, என்ன பெட்ரோல் எரிகிறது, காயில் எவ்வளவு மின்னழுத்தம் தரும் என்பவை தெரிந்த பிறகுதான் பீலர் கேஜைக் கையில் எடுக்க வேண்டும். இந்த வரிசை மாறியதால் உருகிய பிஸ்டன்கள் பல. வண்டியை நம்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிக்கு ஒரு பிஸ்டன் போவது பல வாரச் சம்பாத்தியம் போவதாகும். அதனால் இந்தக் கேள்வியை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில், எந்த வண்டிக்கு இந்தக் கேள்வி பொருந்தும் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மலாக்காவின் லோரிகளில் பெரும்பாலானவை டீசல். செம்பனைக் குலை ஏற்றும் லோரியோ மணல் லோரியோ, அதில் தீப்பொறி பிளக் என்ற பொருளே இல்லை. குளிர்ந்த இஞ்சினைக் கிளப்ப உதவும் குளோ பிளக்கை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காற்றை ஊதிச் செலுத்தும் கருவி லோரிகளுக்குப் புதிதும் அல்ல. பிரிட்டனின் கொமர் நிறுவனம் 1954-இல் கொண்டுவந்த டி.எஸ்.3 இஞ்சினில் மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன், கூடவே ரூட்ஸ் வகைக் காற்றூதி. அதுவும் டீசல்தான், பிளக் கிடையாது. சூப்பர்சார்ஜரும் பிளக்கும் ஒரே இஞ்சினில் சந்திக்க வேண்டுமானால் அது பெட்ரோல் வண்டியாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் பெட்ரோல் லோரி என்றால் நிசான் வெனட், டொயோட்டா லைட்ஏஸ், டைஹாட்சு கிரான் மேக்ஸ் போன்ற சிறிய வண்டிகள். காய்கறிக்கும் இரவுச் சந்தைக்கும் கேட்டரிங் பாத்திரம் ஏற்றவும் ஓடுபவை. இவை எதுவும் ஆலையிலிருந்து சூப்பர்சார்ஜரோடு வருவதில்லை. அப்படி ஆலையிலேயே பொருத்திய சிறு லோரிக்கு ஜப்பானின் சுபாரு சம்பார் நல்ல உதாரணம்: 660 சி.சி., நான்கு சிலிண்டர், பின்பக்க இஞ்சின், உயர்வகைகளில் சூப்பர்சார்ஜர். சுபாரு அதன் உற்பத்தியை 2012-இல் நிறுத்தியது.

அப்படியானால் மலாக்காவில் இந்தக் கேள்வி எங்கிருந்து எழுகிறது? இரண்டு வாசல்கள். முதலாவது ஹாப்கட். ஜப்பானில் கழித்த வண்டிகளின் முன்பாதி இங்கே வந்து இறங்குகிறது. அதோடு டொயோட்டாவின் 4ஏ-ஜி.இசட்.இ., 1ஜி-ஜி.இசட்.இ. இஞ்சின்களும், அவற்றின் எஸ்.சி.12, எஸ்.சி.14 சூப்பர்சார்ஜர்களும் வந்தன. முழு இஞ்சினாக வாங்கியவர்கள் உண்டு. சூப்பர்சார்ஜரை மட்டும் கழற்றி, பெல்ட்டும் தாங்கியும் செய்து, சாதாரண இஞ்சினில் மாட்டியவர்களும் உண்டு. இரண்டாவது வாசல் ஆலை. அலோர் காஜா வட்டாரத்தில், பால்மரத் தோட்டங்கள் இருந்த நிலப்பரப்பின் நடுவே, பெகோவில் ஹோண்டாவின் ஆலை 2003-இல் வேலை தொடங்கியது. 2016-இல் 1.5 லிட்டர் டர்போ சிவிக் மலேசியச் சந்தைக்கு வந்தது, 2017-இல் சி.ஆர்.-வி. அதே அளவு இஞ்சினை அதிகத் திறனுடன் கொண்டுவந்தது. டர்போ வெளியேறும் புகையின் வேகத்தில் சுழல்கிறது, சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் சுழல்கிறது. பிளக்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அடர்த்தியும் சூடும்தான் தெரியும்.

நம்மவர்களின் இஞ்சின் அறிவு வந்த வழியையும் இங்கே சொல்ல வேண்டும். மலாக்காத் தோட்ட அதிபர் டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய அளவில் விரித்தார். தோட்டங்கள் வந்த இடமெல்லாம் ரப்பர் ஆலையும், ஆலை இஞ்சினும், பால் ஏற்றும் லோரியும் வந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தமிழ் பிட்டர்களும் டிரைவர்களும் உருவானார்கள். பக்கத்தில் நின்று, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து, காதால் கேட்டுக் கற்ற தொழில் அது. பாயிண்ட் வைத்த பெட்ரோல் இஞ்சினுக்கு அந்த அறிவு போதுமானதாகவே இருந்தது. பிளக்கைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எமரித் தாளால் தேய்த்து, தேய்ந்த அளவுக்கு இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து மாட்டினால் வண்டி ஓடும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஊர்களுக்கு வந்தபோது அந்தக் கைத்திறன் ஒர்க்‌ஷாப்களுக்கு வந்து சேர்ந்தது. நான் பெரிதும் மதிக்கிற மரபு இது. ஆனால் அந்த இஞ்சின்கள் வெளிக்காற்றைத் தாமாக இழுத்துக் குடித்தவை. காற்றை அழுத்தித் திணித்த இஞ்சினில் அதே எண்களும் அதே பழக்கங்களும் ஏன் தோற்கின்றன என்பதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

ஜெர்மானிய இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷன் 1889-இல் கண்ட விதி அது. இரண்டு உலோக முனைகளுக்கு இடையே தீப்பொறி பாயத் தேவைப்படும் மின்னழுத்தம், நடுவிலிருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் முனைகளின் தூரத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. இஞ்சினுக்குள் வாயு சூடேறுவதால் அழுத்தம் என்பதைவிட அடர்த்தி என்று கொள்வது சரி. திறந்தவெளியில் 1 மில்லிமீட்டரைத் தாண்டச் சில ஆயிரம் வோல்ட் போதும். அதனால்தான் பிளக்கை வெளியே எடுத்து பாடியில் தொட்டு, ‘பொறி நல்லாத்தான் வருது’ என்று முடிவு செய்வது ஏமாற்றுகிறது. வெளியே பளிச்சென்று அடிக்கும் அதே காயில், அழுத்தப்பட்ட சிலிண்டருக்குள் பொறியே தராமல் போகலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நன்றாக ஓடும் சாதாரண 1.5 லிட்டர் இஞ்சின். அதில் 0.5 பார் கூடுதல் அழுத்தம், அதாவது பூஸ்ட், தரும் சூப்பர்சார்ஜரை மாட்டுகிறோம். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் ஒன்றரை மடங்கு. அப்படியானால் பழைய மின்னழுத்தத்திலேயே பொறி பாய இடைவெளி 1.1-ஐ 1.5-ஆல் வகுத்த 0.73 ஆக வேண்டும். ஆனால் காற்றை அழுத்தினால் அது சூடாகும். வெளியே 32 பாகை இருக்கும் மலாக்காக் காற்று, ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜர் வழியே 0.5 பாருக்கு ஏறும்போது சுமார் 90 பாகையைத் தாண்டும். சூடான காற்று விரிவதால் அடர்த்தி ஒன்றரை மடங்கு ஏறுவதில்லை. சுமார் ஒன்றேகால் மடங்குதான் ஏறும். அப்போது இடைவெளி 0.88 போதும். நடுவில் இண்டர்கூலர் வைத்து 50 பாகைக்கு இறக்கினால் அடர்த்தி 1.4 மடங்குக்கு ஏறும், இடைவெளி 0.78-க்கு இறங்கும். ஒரே இஞ்சின், ஒரே பூஸ்ட் மீட்டர் எண். ஆனாலும் இண்டர்கூலர் உள்ளதற்கும் இல்லாததற்கும் 0.1 மில்லிமீட்டர் வேறுபடுகிறது. ஆலை எண்களும் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன: ஹோண்டாவின் 1.5 டர்போவுக்கு 0.7 முதல் 0.8.

இந்தக் கணக்கு முழு உண்மை அல்ல. அடர்ந்த கலவை தானாக வெடித்து நாக் செய்யாமல் இருக்க, அழுத்தம் ஏறிய இஞ்சினில் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பொறி விழும் நேரத்தில் பிஸ்டன் இன்னும் மேலே வந்திருக்கும், வாயு இன்னும் நெருங்கியிருக்கும், தேவைப்படும் வோல்ட் இன்னும் கூடும். மாறாக, முழுச் சுமையில் மின்முனை சூடாக இருப்பதால் தேவை சற்றுக் குறையும். கூர்மையான விளிம்பு பொறியை எளிதில் விடும். தேய்ந்து உருண்ட விளிம்பு விடாது. ஓட ஓட விளிம்பும் மழுங்குகிறது, இடைவெளியும் தானே அகல்கிறது. ஆகவே கணக்கில் வரும் எண்ணுக்குக் கொஞ்சம் கீழே தொடங்குவது நல்லது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் 0.5 வைத்துவிட்டால் என்ன? இந்தக் கேள்விக்கும் பதில் வேண்டும். அகன்ற இடைவெளியில் பிறக்கும் சுடர் பெரியது. ஐடிலிலும் குறைந்த சுமையிலும் சிலிண்டருக்குள் காற்று மெலிந்து, எரிந்த வாயுவும் கலந்திருக்கும்போது அந்தப் பெரிய சுடர்தான் பற்றவைக்கும். குறுகிய இடைவெளியில் சுடர் சிறுத்து, குளிர்ந்த உலோகத்திலேயே அணைந்துவிடும். வண்டி சிக்னலில் நின்று நடுங்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். முழு பூஸ்டில் கலவை அடர்ந்திருப்பதால் சிறு சுடரே போதும். ஆகவே பூஸ்டில் பொறி அறுந்துபோகாத அளவுக்குக் குறுகலாகவும், ஐடிலில் தடுமாறாத அளவுக்கு அகலமாகவும் உள்ள இடத்தைத் தேடுகிறோம். பொதுவாக 0.5 பார் வரை 0.8 முதல் 0.9, ஒரு பார் வரை 0.7 முதல் 0.8, அதற்கு மேல் 0.6-ஐ ஒட்டி என்று தொழிலில் புழங்கும் எண்கள் இந்தச் சமரசத்தின் விளைவுகளே.

காயிலைப் பற்றிப் பேசாமல் இந்த எண்களைச் சொல்வதில் பொருளில்லை. ஒரு காயில், ஒரு டிஸ்ட்ரிபியூட்டர், நான்கு பிளக் என்ற பழைய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் அந்த ஒற்றைக் காயில் நொடிக்கு 200 பொறி தர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5 மில்லிநொடி. அதற்குள் காயில் நிரம்பி, கொட்டி, மறுபடி நிரம்ப வேண்டும். ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் உள்ள இஞ்சினில் ஒரு காயிலுக்கு நொடிக்கு 50 பொறிதான். 20 மில்லிநொடி அவகாசம். அதே பூஸ்டில் இது 0.8-ஐத் தாங்கும்போது அது 0.7-க்கே திணறுவது இதனால்தான். வெனட் போன்ற வண்டிக்கு நண்பரின் சிவிக் எண்ணைக் கேட்டு வைப்பது எவ்வளவு தவறு என்று இதிலிருந்து தெரியும். காயிலுக்கு வரும் மின்சாரத்தையும் பார்க்க வேண்டும். பேட்டரியில் 14 வோல்ட் இருந்தாலும், துருப்பிடித்த பழைய வயரிங் வழியாகக் காயிலை அடையும்போது 12-க்குக் கீழே போயிருக்கலாம். இஞ்சின் ஓடும்போதே காயில் முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விலையுயர்ந்த பிளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள்தாம் அதிகம்.

பெட்ரோலுக்குப் பதில் எரிவாயு போட்ட வண்டிகளுக்குக் கூடுதல் வோல்ட் தேவைப்பட்டது. என்.ஜி.வி. டாக்சிகளில் வயரும் பிளக்கும் சீக்கிரம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் என்.ஜி.வி. விற்பனை நின்றுவிட்டதால் அதை இங்கே விரிக்கவில்லை.

இனி வெப்ப எண். என் பார்வையில் இடைவெளியைவிட முக்கியமானது இதுதான். இடைவெளி தவறினால் வண்டி இழுக்காது, மிஸ் ஆகும், ஓட்டுபவருக்கு உடனே தெரியும். வெப்ப எண் தவறினால் எதுவும் தெரியாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்து ஒருநாள் பிஸ்டனில் ஓட்டை விழும். பிளக்கின் நுனியில் உள்ள வெள்ளைப் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு உலோக ஓட்டுக்குப் போய்ச்சேர நீண்ட வழி. நுனி சூடாகவே இருக்கும். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு விரைவாக ஹெட்டுக்கு இறங்கும். முன்னதைச் சூட்டு பிளக் என்றும் பின்னதைக் குளிர் பிளக் என்றும் சொல்கிறோம். குளிர் பிளக் இஞ்சினைக் குளிர்விக்காது. தன் நுனியைத்தான் குளிர்வித்துக்கொள்ளும். நுனி சுமார் 450 பாகைக்குக் கீழே கிடந்தால் கரி எரியாமல் படியும், அந்தக் கரி வழியே மின்சாரம் ஒழுகும். 850 பாகைக்கு மேலே போனால் பொறி விழுமுன்பே அந்த நுனி கலவையைப் பற்றவைத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிளக் வாழ வேண்டும். ஒரு படி மாறினால் நுனியின் சூடு 70 முதல் 100 பாகை மாறும் என்கிறது என்.ஜி.கே.

அதே நிறுவனம் சொல்லும் இன்னொரு பொது விதி: 75 முதல் 100 குதிரைத்திறன் கூடினால் ஒரு படி குளிர்ந்த பிளக். இந்த விதியை நம் பக்கத்தில் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். 70 குதிரைத்திறன் இஞ்சின் 100 ஆனால் கூடியது 30 மட்டுமே, ஆகவே பிளக்கை மாற்ற வேண்டியதில்லை என்று முடிவு செய்கிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. எட்டு சிலிண்டர் அமெரிக்க இஞ்சினை மனத்தில் வைத்துப் பார்த்தால் 75 முதல் 100 என்பது ஒரு சிலிண்டருக்கு 9 முதல் 12. நான்கு சிலிண்டருக்கு அது 37 முதல் 50 ஆகிறது. பிளக் தன் சிலிண்டரின் சூட்டை மட்டுமே அறியும். 30 கூடிய சிறு இஞ்சின் ஒரு படி மாற்றத்தின் வாசலில் நிற்கிறது. சுமையோடு ஏறும் வண்டி என்றால் அந்தப் படியை எடுத்துவிட வேண்டும்.

லோரிக்கும் காருக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான். கார் பூஸ்டில் இருப்பது முந்தும் சில நொடிகள். ஆயர் குரோவில் நெடுஞ்சாலை ஏறிச் சிரம்பான் நோக்கி முழுச் சுமையோடு போகும் சிறு லோரியோ ஏற்றங்களில் நிமிடக்கணக்கில் பூஸ்டை விடாது. அந்தச் சூடு நுனியில் சேர்ந்துகொண்டே போகும். அதே லோரி காலையில் சந்தை வாசலில் இஞ்சினை அணைக்காமல் அரைமணி நிற்கும், கம்பத்துச் சாலையில் இரண்டாம் கியரில் ஊரும். அப்போது அளவுக்கு மீறிய குளிர் பிளக் கரியேறும். ஆகவே லோரிக்கு இரண்டு படி தாவுவதை நான் ஆதரிக்கவில்லை. ஒரு படி மாற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடி, கழற்றிப் பார்த்து, பிறகு தேவையானால் அடுத்த படிக்குப் போகலாம்.

எண்ணைப் படிக்கும்போது கவனம் தேவை. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்தது. என்.ஜி.கே. 5, 6, 7, 8 என்பவை டென்சோவில் முறையே 16, 20, 22, 24. போஷிலும் சாம்பியனிலும் இது தலைகீழ்: எண் ஏறினால் சூட்டு பிளக். ‘ஒரு எண் கூட வை’ என்ற வாய்மொழி ஆலோசனை பிராண்டு மாறியதும் எதிர்விளைவைத் தந்துவிடும். என்.ஜி.கே.யின் பி.கே.ஆர்.6இ-11 என்ற குறியைப் பிரித்தால் 14 மில்லிமீட்டர் மரை, 16 மில்லிமீட்டர் ஸ்பேனர், உள்ளே ரெசிஸ்டர், வெப்ப எண் 6, மரை நீளம் 19 மில்லிமீட்டர், இடைவெளி 1.1 என்று எல்லாம் அதிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் ரெசிஸ்டரைக் குறிக்கும் ‘ஆர்’ இல்லாத பிளக்கை மாட்டக் கூடாது; பொறியின் மின்னிரைச்சல் சென்சார்களைக் குழப்பும்.

மரை நீளம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு உலகம் அறிந்த சூப்பர்சார்ஜர் லோரி ஒன்றே சாட்சி. போர்டு நிறுவனம் 1999 முதல் 2004 வரை விற்ற எப்-150 லைட்னிங் பிக்-அப்பில் 5.4 லிட்டர் வி8 இஞ்சின், ஈட்டன் எம்112 சூப்பர்சார்ஜர், 2001 முதல் 380 குதிரைத்திறன். கம்ப்ரஷனை 8.4-க்கு இறக்கித்தான் அதைக் கட்டினார்கள். அந்த இரண்டு வால்வு டிரைட்டன் குடும்ப இஞ்சின்களின் ஹெட்டில் பிளக்கைப் பிடிக்கும் மரைகள் சிலவே இருந்ததால், பிளக் மரையோடு பிடுங்கிக்கொண்டு வெளியே பறந்த சம்பவங்கள் அமெரிக்காவில் பெயர்பெற்றவை. டொயோட்டாவும் முதல் 4ஏ-ஜி.இசட்.இ.யில் கம்ப்ரஷனை 8.0 என்றே வைத்தது. ஒன்பது, பத்து என்று கம்ப்ரஷன் உள்ள சாதாரண இஞ்சினில் நாம் சூப்பர்சார்ஜரை மாட்டும்போது, ஆலைகள் செய்த இந்தத் தற்காப்பு இல்லாமலேயே மாட்டுகிறோம். பிளக் தேர்வில் அவர்களைவிட நாம்தான் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

காப்பரா, இரிடியமா என்ற வாதம் தேவைக்கு மேல் நடக்கிறது. காப்பர் பிளக் என்று விற்பதன் நுனி நிக்கல் கலவை. காப்பர் நடுத்தண்டுக்குள் சூட்டைக் கடத்த இருக்கிறது. இரிடியம் பிளக்கின் தண்டிலும் அதே காப்பர் உண்டு. இரிடியத்தின் பயன் வேறு: அது எளிதில் தேயாது, அதனால் நுனியை 0.4, 0.6 மில்லிமீட்டர் என்று ஊசியாகச் செய்ய முடியும், ஊசி நுனியிலிருந்து பொறி குறைந்த வோல்ட்டில் பாயும். காயில் பலவீனமான வண்டிக்கு அது உண்மையான உதவி. குதிரைத்திறனை அது கூட்டாது. புதிதாக டியூன் செய்துகொண்டிருக்கும் இஞ்சினுக்கு மலிவான நிக்கல் பிளக்கே மேல். வெப்ப எண்ணைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டு மூன்று செட் போகும். எண் உறுதியான பிறகு இரிடியம் வாங்கலாம். சாதாரண இஞ்சினில் லட்சம் கிலோமீட்டர் தாங்கும் இரிடியம் பூஸ்டில் அவ்வளவு தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

பெட்ரோலும் இதில் சேரும். மலேசியாவில் ரோன் 92 போய் ரோன் 95 வந்தது 2009-இல். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தில் குடிமக்களுக்கு லிட்டர் 1.99 ரிங்கிட். ரோன் 97-இன் விலை சந்தையோடு ஏறி இறங்குகிறது. சூப்பர்சார்ஜர் மாட்டியவருக்கு மலிவு பெட்ரோலின் ஆசை இயல்பு. ஆனால் ரோன் 95-இல் நாக் செய்யும் இஞ்சினை எந்தப் பிளக்காலும் காப்பாற்ற முடியாது. பூஸ்டைக் குறைக்க வேண்டும், டைமிங்கைப் பின்தள்ள வேண்டும், அல்லது ரோன் 97 போட வேண்டும். அதேபோல, நேரடி ஊசி வைத்த சிறு டர்போ இஞ்சின்களில் குறைந்த சுற்றில் திடீரென்று வரும் முன்வெடிப்புக்குப் பெரும்பாலும் பிளக் காரணமல்ல. சிலிண்டருக்குள் தெறிக்கும் இஞ்சின் எண்ணெய்த் துளிகள் முக்கியக் காரணம். 2018-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ் தரம் இதற்காகவே வகுக்கப்பட்டது. அந்த வண்டிக்காரர் பிளக் பெட்டியைப் பார்ப்பதற்கு முன் எண்ணெய் டின்னைப் பார்க்க வேண்டும்.

கைவேலைக்கு வருவோம். நம் செம்மண் சாலைத் தூசி பிளக் குழியில் படிந்திருக்கும். பிளக்கைத் திருகும் முன் காற்றடித்து வெளியேற்றாவிட்டால் அந்த மணல் சிலிண்டருக்குள் விழும். ஹெட் ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். சூடான அலுமினியத்தில் மரை பிடுங்கும். பெட்டியில் எந்த இடைவெளி அச்சிட்டிருந்தாலும் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். வளைப்பது வெளிக்கொக்கியை மட்டும். நாணயம் போன்ற கேஜை உள்ளே விட்டு நெம்பினால் இரிடியம் ஊசி உடையும், பீங்கான் மூக்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். அந்த விரிசல் துண்டாகி டர்போவிலோ வால்விலோ சிக்கும். கம்பி கேஜால் அளந்து, கொக்கியைப் பிடித்து வளைக்கும் கருவியால் சிறிது சிறிதாக நெருக்குவதே முறை. கொக்கி நடுமுனைக்கு நேராக, சாயாமல் நிற்க வேண்டும். இறுக்குவதற்கு, 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன்மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. டார்க் ஸ்பேனர் இல்லையென்றால் 14 மில்லிமீட்டர் புது வாஷரைக் கையால் முட்டும்வரை திருகி, பிறகு அரைச் சுற்று. மரையில் கிரீஸ் தடவும் பழக்கத்தை விட்டுவிடலாம். வழுக்குவதால் அளவுக்கு மீறி இறுகிவிடும். தளர்ந்த பிளக்கும் ஆபத்துத்தான். சூடு வாஷர் வழியே இறங்காமல் நுனியிலேயே தங்கும். சரியான வெப்ப எண் உள்ள பிளக்கே சூட்டு பிளக் போல நடந்துகொள்ளும்.

போலிப் பிளக் பிரச்சினை இங்கே பெரிது. மரை சொரசொரப்பாக இருந்தால், எழுத்து மங்கியோ சாய்ந்தோ இருந்தால், கொக்கி ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கோணத்தில் நின்றால் வாங்காதீர்கள். சாதாரண வண்டியில் போலிப் பிளக் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான். பூஸ்டில் அதன் வெப்ப எண்ணே பொய்யாக இருப்பதால் இஞ்சினையே கேட்கும். இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: இஞ்சின் மாற்றமும் இதுபோன்ற மாற்றியமைப்புகளும் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதிக்கு உட்பட்டவை. பதியாத மாற்றத்தோடு விபத்தானால் காப்புறுதி கேட்பதில் சிக்கல் வரும்.

மாட்டிய பிறகு படிக்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்தில் பிளக்கின் காப்பித்தூள் நிறமே எல்லாவற்றையும் சொல்லியது. இன்றைய பெட்ரோலில் நிறம் மெல்லியது. அதனால் சுமையோடு ஓர் ஏற்றத்தை ஏறி முடித்த உடனே இஞ்சினை நிறுத்தி, ஆறியதும் கழற்றிப் பார்க்க வேண்டும். ஐடிலில் ஓடிய பிறகு பார்த்தால் ஐடிலின் நிறமே தெரியும். முதலில் வெளிக்கொக்கியைப் பாருங்கள். சூட்டால் நிறம் மாறிய கோடு கொக்கியின் வளைவை ஒட்டி நின்றால் வெப்ப எண் பொருந்துகிறது. கோடு மரை வரை இறங்கியிருந்தால் பிளக் சூடு; நுனியிலேயே நின்றால் மிகக் குளிர். பீங்கானில் மிளகைத் தூவியது போன்ற புள்ளிகளோ பளபளக்கும் அலுமினியத் துகளோ தெரிந்தால் அது நாக். வண்டியை ஓட்டாதீர்கள், பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது. வெளிப்பீங்கானின் அடியில் தெரியும் பழுப்பு வளையத்தைக் கண்டு கேஸ் லீக் என்று பிளக்கைத் தூக்கிப் போடுகிறார்கள். அது உயர் மின்னழுத்தம் எண்ணெய்த் துகளை ஈர்த்ததால் வந்த கறை, தீங்கில்லை. நெடுக்காக ஓடும் மெல்லிய கருங்கோடுதான் பொறி வெளியே பாய்ந்ததன் அடையாளம். அங்கே பிளக் கேப்பையும் வயரையும் மாற்ற வேண்டும்.

வெப்ப எண் சரியென்று தெரிந்த பிறகே இடைவெளியைச் சோதிக்க வேண்டும். 0.8-இல் தொடங்கி, மூன்றாம் கியரில், சுமையோடு, முழு ஆக்சிலேட்டரில் சுற்று ஏறும்போது வெட்டுகிறதா என்று பாருங்கள். வெட்டினால் 0.1 குறைத்து மீண்டும் பாருங்கள். வெட்டு நின்றால் அங்கேயே விட்டுவிட்டு, காலையில் குளிர்ந்த இஞ்சின் ஐடிலில் நடுங்காமல் நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 0.6-க்கு வந்தும் வெட்டு நிற்கவில்லை என்றால் இன்னும் நெருக்காதீர்கள். காயில், அதற்கு வரும் மின்சாரம், வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அவை எல்லாம் சரியாக இருந்தால் பெட்ரோல் பம்பின் அழுத்தத்தைப் பாருங்கள், ஏனென்றால் பூஸ்டில் பெட்ரோல் போதாமல் விழும் வெட்டும் ஓட்டுபவருக்குப் பிளக் வெட்டு போலவே தெரியும்.